வாசிகசாலைப் படியில் மாமி உட்கார்ந்த வெள்ளிக்கிழமை

நடுவழியில் உட்காராதே, பெரியவர்கள் வருகிற பாதையை மறிக்காதே என்று நேற்றும் என் மகளைக் கண்டித்தேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அவள் வயதில் நான், கண்டியில் எங்கள் தெருவின் பெரியவர்கள் சிலருடைய பாதையை, அதுவும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற பாதையை, மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இதை அவளிடம் சொல்லலாமா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. சொன்னால் நாளைக்கு என் பேச்சைக் கேட்பாளா? சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? அதனால் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் மாமாவின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு வாசிகசாலை இருந்தது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. வாசிகசாலையின் செயலாளரும் அவர்தான். மாமி என்று நான் சொல்லப்போவது வாப்பாவின் அக்காவை. இருவரும் கணவன் மனைவி அல்லர். அவர்கள் முகம் பார்த்துப் பேசியதே கிடையாது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்னறையில் இருப்பார். மாமி திரைக்குப் பின்னால் இருப்பார். திரை மறைத்தது மாமியின் முகத்தை மட்டும்தான். அவருடைய குரலை மறைக்கக்கூடிய துணி மாமாவின் கடையில்கூட இருந்ததில்லை.

அந்த வருஷம் நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பெரிய மனிதர் ஒருவர் எங்கள் ஆட்களைப் பற்றி, "நேற்று ரயிலில் வந்து இறங்கிய மூட்டைகள்" என்று பேசிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்களாம். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்காராமல் நின்றபடியே இதை உம்மாவிடம் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அந்த ரயில் இந்த மலைக்கு ஏற முந்தி, அவருட வாப்பாட வாப்பாவுக்கு உப்பும் கருவாடும் கொண்டாந்து குடுத்தது யாராம்? நம்மட பொதிமாடு. மாடு செல்லாதுங்கிறதுக்காக அவரு செல்றதா?"

மாடு சொல்லாது, கடதாசி சொல்லும் என்று மாமாவுக்குத் தோன்றியது அப்போதுதான். வாசிகசாலையில் ஓர் அலுமாரியை ஒதுக்கினார். நம் ஊர்களின் பழைய எழுத்து எந்த வீட்டில் இருந்தாலும் கொண்டுவாருங்கள், பத்திரமாக வைப்போம், விரும்பியவர்கள் வந்து படிக்கலாம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார். வந்தவற்றில் ஓலையில் எழுதிய காணி உறுதிகளும் இருந்தன, போன மாதத்துப் பத்திரிகைகளும் இருந்தன. ஒருவர் தம் பாட்டனார் குடித்தது என்று ஒரு சோடாப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா எதையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு தட்டிலும் காய்ந்த வேப்பிலையும் மிளகும் துணியில் முடிந்து வைத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது என்று பலகையில் எழுதி மாட்டினார். விரும்பியவர்கள் என்று அவர் சொன்னது ஆண்களைத்தான். அதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமியின் வீடு அலவத்துகொடயில் இருந்தது. அங்கே ஒரு பழைய கட்டு இருந்தது. தைத்த தாள்கள், ஓரங்கள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. எங்கள் குடும்பத்துப் பெண்களை அக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. ஆனால் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பார்கள். அந்த அரபெழுத்தை வைத்துக்கொண்டே அவர்கள் தமிழை எழுதினார்கள். எந்த ஆற்றங்கரையால் முதலில் வந்தார்கள், எந்தப் பெண் கிணற்றுக்குக் காணி கொடுத்தாள், அம்மை வந்தபோது எந்த ஒழுங்கையை அடைத்தார்கள், கோப்பிச் செடிகள் செத்தபோது யார் யார் மாடுகளை விற்றார்கள் எல்லாம் அதில் இருந்தன. பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பதாம் நாள் பெண்கள் கூடி அதை வாசிப்பார்கள். வாசித்து முடித்துப் புதுப் பிள்ளையின் பெயரைக் கடைசியில் எழுதுவார்கள். ஆண்களுக்கு அது "பொம்புளைகளுட கொப்பி."

அந்தக் கட்டை மாமி வாசிகசாலைக்கென்று கொண்டுவந்தபோது உம்மா பதறிவிட்டார். ஏன் கொடுக்கிறீர்கள் மதினி, நம்மிடமே இருக்கட்டுமே என்றார்.

"ஊட்டுல இருந்தா அது நம்மட சாமான். அங்க இருந்தா ஊருட சாமான்" என்றார் மாமி. அதற்கு மேல் விளக்கம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணுக்கு மருந்து போடவென்று சில நாட்கள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட வந்தார். முகம் மலர்ந்திருந்தது. நல்ல காரியம் ஒன்றைச் செய்தவரைப் போல உம்மாவிடம் சொன்னார்.

"அந்தக் கொப்பிய லெப்பை பாத்தாரு, ராத்தா. கிழிஞ்சி போன அரபெழுத்த சோடாப் போத்தலோட ஒரே அலுமாரியில வெச்சா குத்தமாம். அவரு செல்லித்தான் எனக்கும் விளங்கிச்சு. வெள்ளத் துணியில சுத்தி அத்தரும் பூசியாச்சு. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்ச கையோட மையவாடியில அடக்கிடுவோம்."

லெப்பை எங்கள் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிறவர். அவர் சொன்னது ஒன்றும் புதிய வழக்கமல்ல. குர்ஆனின் கிழிந்த தாளை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஆற்றில் விடுவார்கள், அல்லது காலடி படாத இடத்தில் புதைப்பார்கள். மாமா மரியாதைதான் செய்ய நினைத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டார்.

"தம்பி, கபன் துணி எத்தன முழம் எடுத்தீங்க?"

கபன் என்பது இறந்தவர்களுக்குச் சுற்றுகிற துணி. மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "இல்ல மதினி... அது ஒரு மரியாதைக்கி..."

"நானும்தான் ஓரமெல்லாம் கிழிஞ்சி போய் ஈக்கிறேன். எனக்கும் நாளைக்கே அந்த மரியாதையா?"

உம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார்; நான் சிரிக்கவில்லை. மாமா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவினார். லெப்பையும் கமிட்டியும் சேர்ந்து முடிவுசெய்தது, நான் மட்டும் என்ன செய்வது என்று வாசலில் செருப்பைத் தேடியபடி சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் முற்பகல் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையில் குடையையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பெண்கள் அந்த வாசிகசாலைக்குப் போனதே இல்லை. மாமி மேலே ஏறவும் இல்லை. மாடிப்படி குறுகலானது, இரண்டு பேர் எதிரெதிரே போனால் தோள் உரசும். மாமி படியின் நடுவில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் இருத்தினார். குடையை விரித்து முதுகுக்குப் பின்னால் சாய்த்துக்கொண்டார். படி முழுவதும் அடைபட்டது. மேலே கமிட்டி பேசிக்கொண்டிருந்தது.

ஜும்ஆவுக்கு நேரமாகி அவர்கள் இறங்கத் தொடங்கியபோது முதலில் வந்தது அத்தர் வாசனை. அதன் பின்னால் லெப்பை, இரண்டு கைகளிலும் அந்த வெள்ளைப் பொட்டலம். அவருக்குப் பின்னால் மாமாவும் கமிட்டிக்காரர்களும். கறுப்புக் குடையைக் கண்டதும் எல்லாரும் நின்றார்கள். அந்நியப் பெண்ணை உரசிக்கொண்டு எப்படிப் போவது? நான் குடையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். ஒருவர் சுவரைப் பார்த்தார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார்.

லெப்பை தொண்டையைச் செருமினார். "யாரோ ஒரு பொம்புள ஈக்கிறாங்க போல. கொஞ்சம் ஒதுங்கச் செல்லுங்க, செயலாளர்."

"ஒதுங்க எடமில்ல, லெப்பை" என்றது குடை. "படி ஒடுக்கம். மிதிச்சிட்டுப் போங்க."

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று லெப்பை ஒரு படி பின்வாங்கினார்.

கமிட்டிக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன கூத்து! பொலிசுக்குச் செல்லி அனுப்பவா?"

"அனுப்புங்க. வந்து என்னத்தக் கொண்டு போறீங்கன்டு கேப்பான். எங்கட ஊருட கதையப் பொதைக்கப் போறோம்ன்டு செல்லுங்க. மூட்டையின்டு பேசின அந்தப் பெரிய மனுஷனுக்கும் ஆள் அனுப்புங்க. மம்பெட்டி எடுத்துட்டு அவரே வருவாரு."

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் முதல் பாங்கு ஒலித்தது. மாமா சத்தமாகக் கெஞ்சத் தொடங்கினார். "மதினி! பாங்கு செல்றாங்க, மதினி! எழும்புங்களேன்!"

லெப்பை கெட்டவர் அல்ல. அவர் குடையைப் பார்த்து மெதுவாகவே பேசினார். "தாயே, முதல் பக்கத்துல பிஸ்மில்லா ஈக்கி. தாளெல்லாம் உதிருது. ஒரு துண்டு கீழ விழுந்து யாராவது மிதிச்சா மறுமையில நான் பதில் செல்லணும். அதுக்குத்தான் பயப்படுறேன்."

அந்தப் பயத்தை மாமி மதித்தார் என்று நினைக்கிறேன். அதுவரை இல்லாத மெல்லிய குரலில் சொன்னார்.

"நல்ல பயம், லெப்பை. ஆனா மவுத்தானதத்தானே அடக்குறது. அதுட கடைசிப் பக்கங்களத் தொறந்து பாருங்க. வெறுமையா ஈக்கும். இன்னும் பொறக்காத பிள்ளைகளுக்கு வெச்ச எடம் அது. உசுரோட ஈக்கிறத மையவாடிக்குக் கொண்டு போகச் செல்லி எந்தக் கிதாபுல ஈக்கி? அதச் செல்லுங்க, நான் எழும்பிப் போறேன்."

மேலே துணி அவிழும் சத்தமும் தாள் புரளும் சத்தமும் கேட்டன.

அதற்குள் உம்மா வந்துவிட்டார். எங்களை அழைத்துப் போகத்தான் வந்தார். வீட்டை விட்டுத் தனியாக வந்த பதற்றத்தில் முகம் வெளுத்திருந்தது. மாமியைப் பார்த்தார், குடைக்கு மேலே தெரிந்த தன் தம்பியைப் பார்த்தார். பிறகு எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். என் உம்மா! கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கவே என்னை அனுப்புகிறவர்.

எனக்கு அழுகை வரும்போலிருந்தது. எங்களால் இத்தனை பேருக்கு ஜும்ஆ தவறப்போகிறதே, அந்தக் குற்றமெல்லாம் யார் கணக்கில் எழுதப்படும்? அப்போதுதான் எனக்கு அந்த நல்ல யோசனை வந்தது. வாசிகசாலையின் பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. அதன் வழியே கடையின் உள்ளறைக்கு இறங்கிப் பின்தெருவுக்குப் போகலாம். எங்கள் வீட்டாரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவிப்பதில்லை. புடைவைக் கட்டுகளுக்குள் ஒளிந்து விளையாடும் எனக்கு அது நன்றாகத் தெரியும். எழுந்து நின்று, "மாமா, பின்னால..." என்று தொடங்கினேன்.

"பேசாம இரி!" என்று மாமா கத்தினார். "பெரியவங்க பேசுற எடத்துல சின்னப் புள்ள வாயத் தொறக்குறதா? இரி கீழ!"

மாமா என்னை அதட்டியது அதுவே முதல் தடவை. நான் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் முழங்காலில் விழுந்தது. மாமி என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

லெப்பை கடைசித் தாள்களைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். "எழுதாத பக்கம் ஈக்கத்தான் செய்யிது" என்றார். அவர் குரலில் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அதன் பிறகு பேச்சு வேகமாக நடந்தது. கட்டு அடக்கப்படாது. அலுமாரியின் மேல்தட்டில் தனியாக இருக்கும். கை கால் முகம் கழுவி ஒளூச் செய்யாமல் யாரும் தொடக் கூடாது. உதிர்ந்து போவதற்குள் அதைத் தமிழெழுத்தில் பிரதி எடுக்க வேண்டும். லெப்பையே வாசித்துக் கொடுப்பார்.

"லெப்பைக்கு எழுத்துத் தெரியும். ஆளுகள எனக்குத்தான் தெரியும்" என்றார் மாமி. "நான் திரைக்குப் பின்னால இருந்து செல்றேன். உங்கட பொடியன்மார் எழுதட்டும். அந்தப் பிரதி பொம்புளைகள் கேட்டாலும் இரவலாப் போகணும்."

"அலுமாரிச் சாமான் வெளிய போறதில்ல..." என்று ஒருவர் இழுத்தார்.

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் இரிக்கிறேன்."

"போகும், போகும்!" என்றார் லெப்பை. "செயலாளர், பலகையில எழுதுங்க. மொதல்ல தொழுகைக்கு விடுங்க, தாயே."

மாமி குடையை மடக்கினார். நாங்கள் தெருவில் இறங்கி ஒதுங்கி நின்றோம். அந்தப் பெரியவர்கள் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளியை நோக்கி ஓடியதை உம்மா முக்காட்டுக்குள் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு மேலேயே இருந்தது.

அன்று வீட்டில் பெண்கள் எல்லாரும் உரக்கப் பேசினார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை. உதவி செய்யப்போன என்னை மாமா எல்லாருக்கும் முன்னால் அதட்டிவிட்டார் என்பதுதான் நெஞ்சில் நின்றது. மாலையில் அவர் ஒரு பெரிய பொட்டலம் மஸ்கத் இனிப்போடு வந்தார். யாருக்கும் கொடுக்காமல் முழுவதையும் என் மடியில் வைத்தார். என் தலையைத் தடவினார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. குனிந்தபோது அவருடைய இடுப்புப் பட்டியில் பின்கதவுச் சாவி எப்போதும் போலத் தொங்குவதைக் கண்டேன். பாவம் மாமா, அத்தனை அவசரத்திலும் அதைச் சுத்தமாக மறந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். மறுபடியும் அதட்டு வாங்காமல் அவருக்கு அதை எப்படி நினைவுபடுத்துவது என்று யோசித்தபடியே மஸ்கத்தைத் தின்று முடித்தேன்.