ஒரு விசிலுக்கு ஒரு பஸ்

நானாட்டானில் நான் வேலை செய்யும் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில், புதன்கிழமை காலை ஒருவருக்கு ஃபான் பெல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தொலைபேசியில் ஜவாஹிர் நானாவின் பெயர் விழுந்தது. அந்த நேரத்தில் அவர் யாருக்கும் அழைப்பு எடுக்கவே மாட்டார். மன்னார் பஸ் நிலையத்தின் நேரக்கணிப்பாளருக்குக் காலை வேளையில் மூச்சுவிடவும் நேரம் இருக்காது. சனிக்கிழமைப் போட்டிக்கு ஏதோ புதுத் திட்டம் தோன்றிவிட்டது, பொறுக்கமாட்டாமல் எடுக்கிறார் என்று நினைத்து, "சொல்லுங்கோ நானா, எந்த வாசல்?" என்றேன். மறுபக்கத்தில் அவருடைய மனைவி நசீமா அக்கா. "தங்கச்சி, அவர் மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டு வந்து நெஞ்சு நோகுது எண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே..." ஃபான் பெல்ட் வாங்க வந்தவர்தான் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

அழுதுகொண்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிட்டு வந்த அந்த மனிதரை நினைத்தால் அழுகைக்கு முன்னால் பரபரப்புத்தான் வருகிறது. பஸ் நிலையத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு அவர் ஒரு நீலச் சட்டை, கழுத்தில் ஒரு விசில், "இறங்கிற ஆக்களை முதல் இறங்க விடுங்கோ" என்ற குரல். எங்கள் அணிக்கு அவர் ஐந்து வீரர்கள். பஸ் நிலையத்தாரும் அணியினரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் இருவருக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது இணையத்தில் ஒரு கோட்டை விளையாட்டு. ஓர் அணிக்கு ஒரு கோட்டை. மற்ற அணிகள் வந்து அடிக்கும், நாங்கள் காக்க வேண்டும். ஒருவர் ஒரு கணக்குத் திறந்து ஒரு வீரனை நடத்தலாம். விரும்பினால் பல கணக்குகள் திறந்து பல வீரர்களை ஒரே நேரத்தில் நடத்தவும் விதி இடம் கொடுக்கிறது. ஒரு கட்டுப்பாடு உண்டு: விசைப்பலகையில் விரல் தட்டும் ஒரு தட்டுக்கு ஒரு வீரன்தான் அசைய வேண்டும். ஒரே தட்டில் எல்லோரையும் அசைக்கும் மென்பொருள் வைத்தால் அவருடைய கணக்குகளும் போகும், அணியின் கோட்டையும் போகும். இந்த அணிக்குத் தலைவி நான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரே நாளில் ஐந்து பேர் எங்களோடு சேர விண்ணப்பித்தார்கள். முள்ளிக்குளம், கொண்டச்சி, சிலாவத்துறை, முருங்கன், நானாட்டான் என்று பெயர்கள். எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்கள், அதில் என் ஊரும் ஒன்று! துள்ளிக்கொண்டு சேர்த்தேன். கேடயம் பிடிக்கும் முள்ளிக்குளம் மட்டும்தான் எழுதிக் கதைப்பார். மற்ற நால்வரும் வாயே திறக்கமாட்டார்கள். வீட்டுப் பெரியவர் கதைக்கும்போது குறுக்கே பேசாத அடக்கமான பிள்ளைகள் என்று நானே முடிவுசெய்து, அணிக்கும் சொல்லி வைத்தேன்.

"நீங்கள் இண்டைக்கு எத்தினை மணிக்கு வருவீங்கள்?"

"நாங்கள் ஏழு மணிக்கு வாறம், தங்கச்சி."

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"ஓம், நாங்கள் சாப்பிட்டம்."

எங்கள் மொழியில் மரியாதைக்கும் நீங்கள், பலருக்கும் நீங்கள். நான் ஐந்து பேரை விசாரித்தேன். அவர் தன்னை மரியாதையாக விசாரிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அணிக்கு ரீசேட் அடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "உங்களுக்கு என்ன சைஸ்?" என்று கேட்டேன். "எங்களுக்கு லார்ஜ் காணும்" என்று பதில் வந்தது. நல்ல வளர்த்தியான குடும்பம் என்று நினைத்து, முதுகில் ஊர்ப்பெயரோடு ஐந்து லார்ஜ் அடித்து, அவர் வரச்சொன்ன மன்னார் பஸ் நிலையத்துக்கு நானே கொண்டுபோனேன். விசிலோடு ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"மற்ற ஆக்கள் எங்க நானா?"

"எந்த மற்ற ஆக்கள்?"

"கொண்டச்சி, சிலாவத்துறை, முருங்கன்..."

"கொண்டச்சி பஸ் இப்பதானே போனது, தங்கச்சி. முருங்கனுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

நான் ஐந்து ரீசேட்டையும் விரித்துக் காட்டினேன். விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் விசில் வாயிலிருந்து விழுந்தது. அவர் ஒளித்து எதுவும் செய்யவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார். பிறகு ஏன் 'நாங்கள்' என்று கேட்டேன். "அஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் வாறன் எண்டு சொன்னால் மற்ற நாலு பேரும் கோவிப்பினமே" என்றார்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. கனடாவிலிருந்து ஆடும் எங்கள் பிரதீபனுக்கு அப்படி இல்லை. கணினி வேலை பார்ப்பவர், விசயம் தெரிந்தவர். "அக்கா, ஒரு மனிசனால அஞ்சு பேரை அப்பிடி நடத்தேலாது. மென்பொருள்தான். பிடிபட்டால் கோட்டை போயிடும். இப்பவே நீக்குங்கோ" என்றார். உண்மையை எழுதிவிடுகிறேன்: நானும் சந்தேகப்பட்டேன். நீக்கும் பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுத்தேன். நான்கு வருட உழைப்பில் எழுந்த கோட்டை ஒரு பக்கம், அந்தச் சிரிப்பு ஒரு பக்கம். கடைசியில் அவரிடமே சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். "நல்லது, வந்து பாருங்கோ. பிரதீபன் தம்பியையும் வீடியோவில எடுங்கோ" என்றார்.

ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று பழைய திரைகள், இரண்டு விசைப்பலகைகள். சுவரில் பஸ் நேர அட்டவணையும் அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் விளையாட்டின் விதிகளும் தொங்கின. ஆங்கில வரி ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பொருள் எழுதியிருந்தார், அகராதி பார்த்துப் பார்த்து எழுதியது. பிரதீபனுக்கு அங்கே விடிந்தும் விடியாத நேரம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வீடியோவில் இருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. அடடா, அந்த விரல்கள்! இடது கை ஒரு வீரனைத் தட்டிவிட்டு வரும்போது வலது கை அடுத்தவனிடம் போய்விடும். வாயும் சும்மா இருக்கவில்லை. "முள்ளிக்குளம் முன்னுக்குப் போகுது! கொண்டச்சி ஏறு, ஏறு, ஏறு! சிலாவத்துறை, ஒரு அம்பு விடு! நானாட்டான் வெளிக்கிட்டுது, ஆருக்கு மருந்து வேணும்?" நசீமா அக்கா தேத்தண்ணியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். எதிரிகள் வாசலை உடைத்து உள்ளே வர, நானா அவர்களைப் படிப்படியாகத் தள்ளி வெளியே கொண்டுபோனார். வென்றார்! நான் கைதட்டினேன். பிரதீபன் மட்டும் அசையவில்லை.

"அண்ணை, அந்த நாலாவது ஆள் என்ன செய்யிறார்?"

பார்த்தோம். வில்லாளி முருங்கன் கோட்டையின் பின்பக்கம், கிணற்றடியில், சுவரைப் பார்த்தபடி நின்றான். சண்டை தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறான். நானா தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ், முருங்கனை மறந்துபோனன்!"

பிரதீபன் வெடித்துச் சிரித்தார். "மெஷின் மறக்காது அக்கா. மனிசன்தான் மறப்பான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை." அதன் பிறகு அவரே விளக்கினார். மென்பொருள் என்றால் ஐவரும் ஒரே கணத்தில் அசைவார்கள். நானாவின் ஆட்கள் எப்போதும் ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் புறப்பட்டிருக்கிறார்கள். எட்டு மாதம் எங்கள் கண்முன்னே நடந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. நானா விசிலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு விசிலுக்கு ஒரு பஸ், தம்பி. ரெண்டு பஸ்ஸை ஒண்டா வெளிக்கிட விட்டால் வாசல்ல இடிபடும்."

போன வருடப் போட்டியை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருபத்தைந்து பேர் கொண்ட அணி நாங்கள், அதில் ஐந்து அவர். வடக்கு வாசலை அவர் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒலிவாங்கியில் பஸ் நிலையமே கேட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரிகளில் ஆறு பேர் பின்சுவரால் நுழைந்தார்கள். அங்கே எங்களுக்கு ஒரு காவலும் இல்லை. முருங்கன் மட்டும் கிணற்றடியில் வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்றான்! தனியே, முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவு துணிவாக ஒருவன் நின்றால் பொறி வைத்திருக்கிறார்கள் என்று பயந்து ஆறு பேரும் திரும்பி ஓடினார்கள். கோட்டை தப்பியது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். மறுநாள் அணியின் பக்கத்தில் நானாவின் தந்திரம் என்று புகழ்ந்து எழுதப் போனேன். தடுத்துவிட்டார். "அது மறதி, தங்கச்சி. திட்டம் எண்டு எழுதிப்போடாதேங்கோ."

அடக்கம் முடிந்த மறுநாள் நசீமா அக்காவைப் பார்க்கப் போனேன். அலுமாரியிலிருந்து ஐந்து ரீசேட்டையும் எடுத்துக் காட்டினார். ஐந்தும் தோய்த்து மடித்து இருந்தன. நானாட்டான் என்று எழுதியதை என் மடியில் வைத்து, "இது உங்கட ஊர்தானே" என்றார். பிறகு ஒரு கொப்பியை நீட்டினார். "இதுக்குள்ள அஞ்சு பேற்ற கடவுச்சொல்லும் இருக்கு. போட்டி வருது எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். நீங்கள் அவையளை நடத்துங்கோ."

கொப்பியை வாங்கினேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், உள்ளுக்குள் மகிழ்ச்சி பொங்கியது. அந்த ஐவர் இல்லாமல் சனிக்கிழமை வடக்கு வாசல் நிற்காது. எனக்கு இரண்டு பேர், பிரதீபனுக்கு மூன்று பேர் என்று அங்கேயே மனத்தில் பிரித்துவிட்டேன். நானா ஆசைப்பட்ட வெற்றி அல்லவா, யார் கேட்கப் போகிறார்கள்? எழும்பும்போதுதான் சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் உறை கண்ணில் பட்டது. ஒரு வரியின் கீழ் சிவப்பில் கோடு. "கணக்கை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது" என்று அவருடைய தமிழ். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில்: "மௌத்துக்குப் பிறகும்?" அதற்குக் கீழே வேறு மையில்: "ஓம். கம்பனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பார்த்தன்."

கொப்பியை நசீமா அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவரும் அந்த வரியைப் படித்தார். "இந்த மனிசன்..." என்று தொடங்கி, சிரித்து, அழுதார். பிரதீபனுக்கு எடுத்துச் சொன்னேன். "நாங்கள் இப்பிடிச் செய்வம் எண்டு அவருக்கு முதலே தெரிஞ்சிருக்கு அக்கா" என்றார்.

அணியினரே, இணைப்பில் இல்லாத வீரர்கள் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்றுக் கோட்டைக்குள் போய்ப் பார்த்தேன். நான்கு பேர் வடக்கு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். ஐந்தாமவன் கிணற்றடியில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். செவ்வாய்க்கிழமையும் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். என் வீரனைக் கூட்டிப்போய் அவன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, திரைக்கு முன்னால் நன்றாக அழுதேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்பவை இரண்டு. ஒன்று அந்த லார்ஜ் ரீசேட், எனக்கு முழங்கால் வரை வருகிறது. மற்றது அவருக்கு இருந்த ஓர் ஆசை. கொண்டச்சியில் பிறந்து, போரில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்து, திரும்பி வந்தவர் அவர். கொண்டச்சிக்குப் போகும் வழியில் இருக்கும் அரிப்பு என்ற ஊர் தன் வரிசையில் விட்டுப்போச்சே என்று அடிக்கடி சொல்வார். "விரல் இடம் தந்தால் ஆறாவதா அரிப்பையும் ஓட விடுவன், இன்ஷா அல்லாஹ்." நேற்று மாலை என் சொந்தப் பெயரில் இரண்டாவது கணக்கு ஒன்று திறந்தேன். விதிப்படி, என் விரலால், ஒரு தட்டுக்கு ஒருவர். பெயர் அரிப்பு. பயிற்சியில் இரண்டு தடவை அவனைக் கிணற்றடியில் மறந்துவிட்டேன்.

வெல்வோமா என்று தெரியாது. வடக்கு வாசலில் நான் நிற்பேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் பிரதீபன் பெயர் கூப்பிடுவார். "மஞ்சுளா அக்கா, நீங்கள் வாறீங்களோ?" என்று கேட்பார்.

ஓம், தம்பி. நாங்கள் வாறம்.