எழுந்து நிற்கச் சொன்னவர்கள்

"எந்திரிச்சு நிக்கவே இம்புட்டு யோசிக்கிற. நீ எங்கிட்டுப் பட்டம் வாங்கப்போற?"

திண்டுக்கல்லில் கல்லூரி முதலாண்டில், அலுவலக உதவியாளர் ஒருவர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டது இது. முதல் பட்டதாரிச் சலுகை பெறுபவர்களின் பட்டியலோடு வந்து, பெயர் வாசித்து எழுந்து நிற்கச் சொல்வார். வகுப்பு சிரித்தது. எழுந்து நின்றேன்.

முதல் பட்டதாரி என்ற சான்றிதழுக்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. சாணார்பட்டிப் பக்கம் மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறிக்கும் அப்பா, அது கைக்கு வந்த அன்றே பேருந்து நிலையத்துக்குப் போய் லேமினேஷன் செய்துவிட்டார். "நம்ம வீட்டுக்கே பட்டா கெடச்ச மாதிரி இருக்கு தாயி" என்றார். இதில் எப்படி முத்திரை குத்துவது என்று கல்லூரியில் திட்டியபோதும் அவர் முகம் வாடவில்லை.

இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்கிறேன். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வந்த புதிதில் அது அக்கறையின்மையாகப் பட்டது. நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் அடுத்த ஊர் வருவதற்குள் கேட்டுவிடுவார். அந்தப் பதிலை வைத்து மற்றதையும் ஊகித்துக்கொள்வார்.

துறையின் சமத்துவக் குழுவில் நான் மாணவ உறுப்பினர். குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வந்த புதிய மாணவர்களுக்கு வரவேற்பு விழாவில் பேட்ஜ் அணிவித்துக் கைதட்டலாம் என்று இந்த ஆண்டு முடிவுக்கு வந்தார்கள். நல்ல எண்ணம்தான். நான் வேண்டாம் என்றேன். குழுத் தலைவர் ஹெலன் கனிவோடு, நிறுத்தி நிறுத்தி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

"எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். ஆனால் யாரிடம், எப்போது சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றேன். அடுத்த கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்களோ என்ற பயம் இருந்தது. இருந்தாலும் சொல்லி முடித்தேன்: தங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் படித்த ஆசிரியர்கள் விரும்பினால் பேட்ஜைப் போட்டுக்கொள்ளட்டும். யாரைத் தேடிப் போகலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிறகு ஹெலன், தன் அப்பா பேருந்து ஓட்டுநர் என்றார். இத்தனை ஆண்டுகளில் துறையில் ஒருவரிடமும் சொன்னதில்லையாம். "நான் போட்டுக்கொள்கிறேன்" என்றார், தலை நிமிராமல்.

விழா நான் சொன்னபடியே நடந்தது. பெருமையோடு அப்பாவிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இங்க ஒங்க திண்டுக்கல்லு காலேசுல இன்னமும் நிக்கத்தான வைக்கிறாக?" என்றார்.

இங்கே பேச வந்த வாய் அங்கே மூன்று வருடம் திறக்கவில்லை. நான் நின்ற இடத்தில் இந்த வருடம் வேறொரு பெண் நிற்பாள்.

கல்லூரி முதல்வருக்குத் தமிழில் கடிதம் எழுதினேன். பெயர்களை வகுப்பில் வாசிக்க வேண்டாம், தனியாக அழைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, என் துறையையும் படித்த ஆண்டையும் குறிப்பிட்டேன். அனுப்புநர் முகவரி எழுதும் இடத்தில் பேனா நின்றது. சாணார்பட்டி முகவரியை எழுதினேன். அதன் கீழே இந்த ஊரையும் எழுதினேன். எதையும் அடிக்கவில்லை. நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன்.