இடது ஸ்பீக்கரை மாற்றிய நாள்

பாலக்கோடு தக்காளிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டிக்கு ஏலம் கூவுவது என் தொழில். டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து இறங்கிய பெட்டிகளைச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். ஆளுக்கொரு விலை சொல்வார்கள். அதில் மேலான குரலைப் பிடித்து, கூவி, அடுத்தவரை உசுப்பி, ஏற்றி முடிக்க வேண்டும். தொண்டை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் மிளகும் பனங்கற்கண்டும் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். காதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தாள். போகிக்குப் பரணை ஒழித்தபோது பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று சாக்குப் பையோடு கீழே வந்தது. என் மைத்துனர் சவூதியில் இருந்தபோது எங்கள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த செட். வெள்ளி நிறம், மேலே கைப்பிடி, நடுவில் கேசட் கதவு, இரண்டு பக்கமும் வலைக்குப் பின்னால் தட்டு மாதிரி ஸ்பீக்கர்கள். அதைக் குப்பையில் போடத்தான் எடுத்து வைத்தேன். மகள் விடவில்லை. இந்த மாதிரி பழைய செட்டைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம். துடைத்து, கரண்டில் போட்டாள். எஃப்.எம். எடுத்தது. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "லெஃப்ட் சைடு செத்துப்போச்சுப்பா, ரைட்டு நல்லா பாடுது" என்றாள். அடுத்த தடவை வரும்போது எடுத்துப்போவேன், அதற்குள் சரி பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

எனக்கு அந்த வேலை கொஞ்சம் தெரியும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிகல் சேர்ந்து பாதியில் விட்டவன். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வீட்டில் உண்டு. சந்தையிலிருந்து சீக்கிரம் திரும்பிய ஒரு மதியம், ஹாலில் செய்தித்தாளை விரித்து, செட்டைக் குப்புறப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன். பேட்டரி போடும் குழிக்குள் ஒன்று ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்காமல் மூடியை இழுத்து ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. உள்ளே இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கருகிய அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது. குளவி மண் கூடு ஒன்று காந்தத்தின் மேல் ஒட்டியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. உள் சுருள் அறுந்துவிட்டது. பழுது பார்க்க அதில் ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மறுநாள் தர்மபுரிக்குப் போனேன். முன்பு ரேடியோ ரிப்பேர் பார்த்த கடைகளில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. கடைசியில் கார்களுக்கு சீட் கவர் மாட்டும் கடையில், அதே அளவில், அதே நாலு ஓம்ஸில் ஒரு கார் ஸ்பீக்கர் கிடைத்தது. திருகு ஓட்டைகள் மட்டும் பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்து அயர்ன் முனையால் பிளாஸ்டிக்கில் புது ஓட்டை போட்டு, சிவப்பு ஒயரைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் பற்றவைத்து, திருகி முடித்தேன். மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் எஃப்.எம்.மில் ஒரு பெண் பேசினாள். கணீரென்று இருந்தது. கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்ட பிறகுதான் கவனித்தேன். சத்தம் முழுக்க இடது பக்கத்திலிருந்து வருகிறது. வலது பக்கம் ஊமையாக இருக்கிறது.

இடதைச் சரி பண்ணப்போய் வலதைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு பக்கச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று மேலே இருந்தது. அதை இடது கடைசிக்குத் திருப்பினேன், அருமையாகக் கேட்டது. வலது கடைசிக்குத் திருப்பினேன். அப்போதும் கேட்டது. ஆனால் மெலிந்து, பக்கத்து வீட்டில் பாடுவதுபோல, அதுவும் இடது பக்கத்திலிருந்தே கேட்டது. வலதுக்குத் திருப்பினால் எப்படி இடதில் கேட்கும்? ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று மறுபடி கழற்றினேன். வலது ஸ்பீக்கரில் மீட்டரை வைத்தேன், முள் சரியாக ஏறியது. கூம்பில் கிழிசல் இல்லை. ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்துப் பார்த்தேன். அதே கதைதான். எந்த ஒயரை எங்கே கொடுத்தாலும் அந்தப் பெண் இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். வேர்த்துவிட்டது. ஐ.டி.ஐ.யில் படித்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இப்படி ஒரு பழுது எதிலும் இல்லை.

கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு என் மனைவி உள்ளே வந்தாள். ரெடியாகிவிட்டதே என்றாள். ஒரு பக்கம் போய்விட்டது என்று எரிச்சலோடு சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "ரெண்டும்தான பாடுது" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் காட்டுவதற்காகத்தான் குனிந்து, வலது ஸ்பீக்கரின் வலைமேல் என் வலது காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கன்னத்தில் அதிர்வு இருந்தது. வலை அதிர்கிறது, அந்த அதிர்வு தாடை எலும்பில் இறங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை.

தலையைத் திருப்பி அதே இடத்தில் இடது காதை வைத்தேன். ஒரு ஆண்குரல் பாட்டு காதுக்குள் அறைந்தது. மறுபடி வலது காதை வைத்தேன். நின்றது. இடது. வலது. இடது. என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செட்டை அணைத்துவிட்டு வந்து, என் இடது காதைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். மறுபக்கம் நின்று ஏதோ சொன்னாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எங்கோ கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது, வார்த்தை ஒன்றும் இல்லை.

"என்ன சொன்ன?"

அவள் கையை எடுத்தாள். "உங்க பேரச் சொல்லித்தாங்க கூப்புட்டேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை.

கழற்றிப்போட்ட திருகாணிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வலி இல்லை. சீழ் வடிந்ததில்லை. காய்ச்சலில் படுத்ததாக நினைவில்லை. ஒரு காது போய்விட்டது. போன நாள் எனக்குத் தெரியவில்லை. அது போன வாரமா, மூன்று வருடத்துக்கு முன்னாலா என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. கை போனால், பல் விழுந்தால் தெரியும். இது போனதுகூடத் தெரியாமல் நான் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் ஏலம் விட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

ஏலம் என்றதும் பெங்களூருக்குச் சரக்கு எடுக்கும் ஒரு வியாபாரியின் முகம் வந்தது. ராயக்கோட்டைப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பல வருடம் எங்கள் மண்டியில் வாங்கினார். கூட்டத்தில் எப்போதும் எனக்கு வலது கைப்பக்கம் தூணை ஒட்டி நிற்பார். சத்தம் போட மாட்டார், ஒரே தடவை சொல்வார். போன வருடம் ஒருநாள், நான் கேட்கும் விலை உன் காதில் ஏறுவதில்லை, வேறு யாருக்கோ விடுகிறாய் என்று சொல்லிவிட்டு எதிர் மண்டிக்குப் போய்விட்டார். அங்கே ஏதோ சலுகை கிடைத்திருக்கிறது, சாக்குச் சொல்கிறார் என்று எங்கள் முதலாளியும் நானும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் அவரைச் சந்தைக்கு வெளியே டீக்கடையில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். ஸ்பீக்கர், குமிழ், காது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டார்.

"ஒரு வருசம் கழிச்சு இப்பதான் காது கெட்டுப்போச்சுங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல கதை சொல்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் நம்பவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று ஏலத்தில் வலது பக்கம் யாராவது வாயசைத்தால் பயந்து பயந்து திரும்பினேன். குரல் தடுமாறியது. முதலாளி பாதியில் நிறுத்தி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்போதே அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே காது டாக்டரைப் பார்க்கச் சேலத்துக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரப் போன மனைவி, யோசித்து, என்னை உள்ளே தள்ளிவிட்டு என் இடது பக்கம் உட்கார்ந்தாள். காது போனதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் என்று நினைத்திருந்தேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் சொன்னது எதுவும் உங்களுக்கு நெசமாவே கேக்கலீங்களா?"

எது என்று கேட்டேன்.

வீட்டில் படுக்கும்போது அவள் எனக்கு வலது பக்கம் படுப்பாள். நான் இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவன். அதாவது கேட்கிற காது தலையணையில் புதைந்திருக்கும். முதுகு அவள் பக்கம் இருக்கும். கொஞ்ச வருடமாக எனக்கு நல்ல தூக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருநாய் குரைத்தாலும் தெரிவதில்லை என்று சந்தையில் பெருமை பேசியிருக்கிறேன்.

அந்த முதுகைப் பார்த்து அவள் பேசியிருக்கிறாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, படி ஏறினால் கண் இருட்டுகிறது, ஒருநாள் கொல்லையில் விழப் பார்த்தேன் என்று, விளக்கை அணைத்த பிறகு சொல்லியிருக்கிறாள். பகலில் நான் சந்தை, அவள் தையல் மிஷின். படுக்கும் நேரம்தான் பேசும் நேரம். ஒரு தடவை இல்லை, மாறி மாறிச் சொல்லியிருக்கிறாள். என்னிடமிருந்து பதில் வரவில்லை.

"தூங்கிட்டீங்கன்னு மொதல்ல நெனச்சேன். தூங்கலீங்க, கைய ஆட்டிக்கிட்டு முழிச்சிட்டுத்தான் இருந்தீங்க. சரி, இவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லன்னு வுட்டுட்டேன்."

"அப்பறம் என்ன பண்ண?"

"நானே தர்மபுரிக்குப் போயி காட்டிட்டு வந்தேன். தெக்கால வூட்டக்காவுக்குத் துணி குடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன் பாருங்க, அன்னிக்குத்தான்."

அது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. ஈசிஜி எடுத்தார்களாம். ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிடு, மறுபடி வா என்றார்களாம். மாத்திரை தீர்ந்த பிறகு அவள் போகவில்லை. படபடப்பு இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். எப்பவாவது என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். பீப் சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்தி அழுத்தி முடித்தேன். இப்போது வலது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சைகை காட்டினாள். காத்திருந்தேன். மெஷினில் ஏதோ திருகிக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் ஆனதால் எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். அவள் கதவைத் திறந்து, "முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். இடது காதின் கோடு மேலே ஓடியது. வலது காதின் கோடு அடியில் கிடந்தது. நரம்பு வேலை செய்யவில்லை. போனை எந்தக் காதில் வைப்பீர்கள் என்று கேட்டார். இடது. எப்போதிருந்து? வலது கையில் எப்போதும் ஏல விலை குறித்த துண்டுச் சீட்டு இருக்கும், அதனால் என்றேன். முதலில் அதனால்தான் இடது பக்கம் வைத்தேனா, கேட்காததால் கை தானாக மாறியதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உடனே வந்திருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். ஒரு பக்கம் மட்டும் போனால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். கட்டி என்ற வார்த்தைக்கு என் மனைவி நாற்காலி விளிம்பைப் பிடித்தாள்.

ஸ்கேன் ரிசல்ட் வரும்வரை நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டி இல்லை என்று வந்தது. காரணமும் தெரியவில்லை. சிலருக்கு இப்படிப் போகும், ஏன் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலது பக்கச் சத்தத்தை வாங்கி இடது காதுக்கு அனுப்பும் மெஷின் ஒன்று இருக்கிறதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மண்டியில் வலது பக்கச் சுவரை ஒட்டி நிற்கிறேன், எல்லோரும் எனக்கு இடது பக்கம் நிற்கிறார்கள். ஏலம் நடக்கிறது. ராயக்கோட்டைக்காரர் எதிர் மண்டியிலேயே இருக்கிறார். பார்த்தால் சிரிப்பார். ரோட்டைத் தாண்டும்போது ஹாரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. நின்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் கால் வைக்கிறேன். இதே ரோட்டை இதற்கு முன் எப்படித் தாண்டினேனோ தெரியவில்லை. செட் மகளிடம் ஓசூருக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் பிரமாதம் என்று போனில் சொன்னாள்.

ஸ்கேன் முடிவு வந்த மறுவாரம் மனைவியைத் தர்மபுரிக்கு அழைத்துப்போனேன். வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். விடவில்லை. இதய டாக்டர் கேட்க ஆரம்பித்ததும் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். படபடப்பு எப்போது தொடங்கியது, எத்தனை தடவை கண் இருட்டியது, கொல்லையில் எந்தக் கல்லைப் பிடித்து நின்றாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் நாற்காலியை, என் இடது காது அவள் பக்கம் இருக்கும்படி, அவளுக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அதைக் கேட்டேன்.