தாய்மொழி: மலையாளம்

பக்கவாதம் வந்த மூன்றாம் வாரம், பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு படத்தை என் முன்னால் நீட்டினாள். குடை. எனக்குத் தெரியாதா? நெய்யாற்றின்கரை சந்தையில் மழைக்கு ஒதுங்கியபோது வாங்கியது, கம்பி ஒன்று தெறித்தது, ஈரத்தோடு மடக்கினால் வரும் வாடை, எல்லாம் வந்து நின்றன. பெயர் மட்டும் வரவில்லை. அர்த்தம் சொல்லுக்குள் இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, அது தனியாகவே இருக்கிறது. அதனோடு நானும் உள்ளே அடைபட்டுப் போனேன்.

அவள் படிவத்தைப் பார்த்தாள். தாய்மொழி: மலையாளம். என் கணவர் நிரப்பியது. கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, எந்தப் படிவமானாலும் அந்த இடத்தில் கை தானாக மலையாளம் என்று எழுதிவிடும். "தாய்மொழியில் மட்டும் பேசுங்கள். கலந்து பேசினால் குழம்பிப்போவார்" என்றாள். ஆஸ்பத்திரியில் சொன்னால் என் கணவருக்கு மறுபேச்சு கிடையாது. பலமாகத் தலையாட்டினார்.

அன்று முதல் என் வீட்டில் நான் விருந்தாளி. முப்பது வருஷம் என்னோடு தமிழில் சண்டை போட்ட மனிதர், கட்டிலருகே குனிந்து "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார். மகளும் அப்படியே. தண்ணீர் 'வெள்ளம்' ஆனது, 'சொல்லு' 'பற' ஆனது. தமிழில் ஏதாவது பேச வேண்டுமென்றால் இருவரும் அடுக்களைக்குப் போய்விடுவார்கள். மலையாளம் எனக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸிலும் ஆபீசிலும் அதுதானே பேசினேன். ஆனால் என் கோபமும் பிரியமும் தமிழில் கிடந்தன. பழையபடி 'எட்டி' என்று ஒரு தடவை கூப்பிடுங்களேன் என்று கத்தப் பார்ப்பேன். வெறும் காற்று வரும். ஆத்திரத்தில் தம்ளரைத் தட்டிவிட்டால், அதையும் நோய்க் கணக்கில் சேர்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவருடைய தங்கை பார்க்க வந்தாள். என் தலைமாட்டில் நின்றுகொண்டே கேட்டாள்.

"அண்ணே, நாம பேசுறது இவளுக்கு வல்லதும் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது ஆக்கும். பச்சப்பிள்ளதான்" என்றார் அவர்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினேன்.

"எல்லாம் தெரியும்" என்றேன். தமிழில், தெளிவாக.

அவர் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, என் முகத்தருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "இனி அது மலையாளத்தில் பற."