இடது முன்சக்கரமும் மெக்கானிக் ஏழுமலையும்

மெக்கானிக் ஏழுமலை இறந்துவிட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது... மாலை போட்ட போட்டோவோடு.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருந்தவர். நான் சார்கருவூலத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே என் பழைய காரை அவரிடம்தான் விடுவேன்.

எல்லோரும் நல்ல மனிதர் என்று எழுதுகிறீர்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன், தவறாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு காரில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் கிறீச் என்பது பழைய வண்டியில் சகஜம். இது காலை எடுத்த பிறகும் கேட்டது.

கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி கனத்துப்போகும். சரிவில் நியூட்ரலில் விட்டாலும் உருளாது... யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை, என்னையும் சேர்த்து. தினமும் நைனார்பாளையம் வரை ஓட்டிப்போய் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது முன்சக்கரம் மட்டும் கொதித்தது.

ஏழுமலையிடம் சொன்னேன். பிரேக் பேட் மாற்றினார். சத்தம் போகவில்லை. மறுபடியும் பேட் மாற்றினார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை வெள்ளிமலையில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அன்று மகனும் வந்திருந்தான்.

மலை இறங்கும்போது ஒரு வளைவில் சக்கரத்திலிருந்து புகை. ஓரங்கட்டினேன். வண்டி நிற்பதற்குள் மகன் கதவைத் திறந்துவிட்டான்.

மறுநாள் இருவரும் ஷெட்டுக்குப் போனோம். ஏழுமலை ஜாக்கியைக்கூட எடுக்கவில்லை. என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னார்.

கழற்றினேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு என் வலது பாதத்தைக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கோங்க, இந்தக் கால்தான். பிரேக்க வுட்டு எறங்கவே மாட்டேங்குது."

மிதித்துக்கொண்டே ஓட்டினால் இரண்டு பக்கமும் அல்லவா சுட வேண்டும் என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ட்ரஷரில எல்லாரு பில்லையும் புடிச்சி வெச்ச பழக்கம் சார் உங்களுக்கு. இப்ப வண்டிய புடிச்சி வெக்கிறீங்க."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. என் மகனும் சிரித்தான். வீட்டுக்கு அவன்தான் ஓட்டிவந்தான், சாவி அன்றோடு அவனிடம்.

கார் பூட்டாமல் வாசலில் சும்மா நின்றது. மகன் வேலைக்கு பைக்கில் போகிறவன். எனக்கோ அவர்கள் சொன்னது நிஜமாக இருக்குமோ என்ற பயம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் குனிந்து காலைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு மதியம் மகன் இல்லாதபோது மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். பிரேக் பெடலை நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன். இறங்கிவந்து சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.

சுற்றவில்லை. அப்போது என் இரண்டு கால்களும் தரையில் இருந்தன.

சக்கரத்துக்குப் பின்னால், பிரேக் ஆயிலை வெளியே விட ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் லேசாகிவிட்டது. ஆயில் உள்ளே போகிறது, திரும்பி வர முடியவில்லை... ஆயில் வரும் ரப்பர் ஓஸ் உள்பக்கம் ஊதிப்போயிருக்க வேண்டும்.

அப்படியும் சந்தேகம்தான். ஏழுமலையை வீட்டுக்கு வரவழைத்தேன்.

ஓஸைக் கழற்றி, குறுக்கே வெட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துவாரம் ஏறக்குறைய மூடியிருந்தது.

"ஓஸ்தான் சார். உங்க கால் இல்ல."

இதை மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். திரும்பத் திரும்ப பேட் மாற்றியவன் ஷெட்டுக்கு அப்புறம் எவன் வருவான் என்றார். புது ஓஸ் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மகன் வந்ததும் நானே சொன்னேன். அவன் ஏழுமலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அப்பா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஒரு ஓஸ் மாத்தி வுட்டேன் தம்பி. காலுதான். சாவிய மட்டும் குடுத்துடாதீங்க."

பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதன்பிறகு மகன் அந்தக் காரை எடுக்க ஆரம்பித்தான். அவன் ஓட்டினால் சத்தமே வருவதில்லை. பார்த்தியாப்பா, என்கிறான்.

வெள்ளிமலைக்குச் சில தடவை பஸ்ஸில் போனேன். முழங்கால் தாங்கவில்லை, நின்றுவிட்டது. மகனுக்கு மலைப்பாதை என்றால் இன்னும் பயம். தங்கையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

போன மாதம் ஏழுமலை படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்துப் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. நலம் விசாரிக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மகனுக்கு ஒரே ஒரு போன்... என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தார். பாதிக் குரல்தான் வந்தது.

"இன்னா சார், இன்னும் ஓட்டணும்னு ஆசையா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவர் மனைவி தண்ணீரோடு ஓடிவந்து, அவரைப் பேச வைக்காதீர்கள் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை செய்தியை மகனுக்குப் படித்துக் காட்டினேன். போனை வாங்கிப் போட்டோவைப் பார்த்தான்.

"பாவம்பா. உன்ன காப்பாத்துன மனுஷன்."

இந்தப் பதிவை அவன் படிக்கமாட்டான். என் பதிவுகளை அவன் பார்ப்பதில்லை.

சாயந்திரம் எடுக்கிறார்களாம். ரோஜா மாலை வாங்கியாயிற்று. மகன் வாசலில் காரைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடிக்கிறான்.

வருகிறேன்...

நீங்கள் போய்ச் சேருங்கள், ஏழுமலை.