ரத்தினத்துக்கு வாசித்த பியானோ

"எம் பியானோவக் கேட்டு அழாத மனுசன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வாலே, பாப்போம்!"

ராஜபாளையம் நூல் மில்லில் ஃபிட்டராகவும், ஸ்ரீவில்லிபுத்தூர் தேவாலயத்தில் பியானோக்காரராகவும் இருந்த தவசிமுத்து, 1988இல் மில் கேன்டீனில் விட்ட சவால் இது. ஏற்க ஆளில்லை. தேவாலய மணி விரிசல் விட்டதிலிருந்து சபையில் சாவுச் செய்தி சொல்வது அந்தப் பியானோதான். ஞாயிறு தவிர்த்த நாளில் கூம்பு ஸ்பீக்கரில் பியானோ கேட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று பொருள். வாசித்து முடித்ததும் தவசிமுத்து மைக்கில் இறந்தவர் பெயரைச் சொல்வார். ஜனங்கள் அழுதது இறந்தவருக்கா பியானோவுக்கா என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கியதில்லை.

மனைவி ரத்தினம்தான் ஒருநாள் கேட்டாள்: "ஊருல செத்தவுகளுக்கெல்லாம் வாசிக்கிய. எனக்குன்னு ஒண்ணு வாசிச்சிருக்கியளா?"

மனிதருக்குத் தூக்கம் போயிற்று. 1991இல் நடந்த கல்யாணத்துக்கு அது இருபத்தைந்தாம் வருஷம். அதற்காக மூன்று மாதம், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஒரு மெட்டுக் கட்டினார். இருபத்தைந்து வருஷப் பிரியத்தையும் அதில் கொட்டினார். ஆனால் அந்தக் கைக்குத் தெரிந்த நடை ஒன்றே ஒன்று. பிரியமும் சவ ஊர்வல வேகத்திலேயே வந்தது.

கல்யாண நாள் புதன்கிழமை. வீடுவரைக்கும் கேட்கட்டும் என்று காலை பத்து மணிக்கு ஸ்பீக்கரைப் போட்டு, வாசித்து முடித்து, கனத்த குரலில் மைக்கில் சொன்னார்: "என் மனைவி ரத்தினம்."

பிறகு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. வாசலில் கூட்டம். மில் சகா சோலைச்சாமி கையில் மலர் வளையம். வன்னியம்பட்டியிலிருந்து ஓடிவந்த ரத்தினத்தின் மதினி அய்யம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"யாருக்குலே?" என்று சோலைச்சாமியைக் கேட்டார்.

"அண்ணாச்சி, மனசத் தேத்திக்கிடுங்க. ஒடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காம்."

"யாரு ஒடம்பு?"

"ரத்தினம் மதினி ஒடம்புதான்."

தவசிமுத்து உள்ளே ஓடினார். அடுப்படியில் இல்லை. கொல்லையில் இல்லை. பூப்பொட்டலம் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. முந்நூறு சாவுக்கு வாசித்தவர், சாவு என்றால் என்னவென்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டவர்போலச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தாம் மைக்கில் சொன்னது அப்போது நினைவுக்கே வரவில்லை.

செத்த நேரத்தில் ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னோடு ரத்தினம் வந்தாள். "எதுக்கு இம்புட்டுக் கூட்டம்? யாரு போயிட்டா?"

அய்யம்மாள் போட்ட கூச்சலில் சோலைச்சாமி வளையத்தைக் கீழே போட்டார்.

"ஏட்டி, ஒம் புருசன்தான் மைக்குல சொன்னாரு!"

ரத்தினம் உள்ளே வந்து பார்த்தாள். அவர் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று மாதக் கதையையும் சொல்லிவிட்டார்.

"எனக்கா கட்டினிய?"

"ஒனக்குத்தான்."

"நான் கியூவுல நின்னேன், ஒண்ணும் கேக்கல. எந்திரிங்க. வந்து வாசிங்க."

கூட்டம் கலையவில்லை, வந்தது வந்தோம் என்று தேவாலயத்துக்கே வந்தது. ரத்தினம் முதல் பெஞ்சில், மடியில் டின்னோடு உட்கார்ந்தாள். தவசிமுத்து வாசித்தார், அதே மெட்டு, அதே வேகம். ஆள் உயிரோடிருப்பது தெரிந்தும் அய்யம்மாள் மறுபடி ஆரம்பித்தாள். சோலைச்சாமி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். ரத்தினமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பியானோவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவர் மட்டும், அழாமல், வாசித்துக்கொண்டே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.