ஒரே வாசலில் இரண்டு பெட்டை நாய்கள்

அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர நாள் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் அப்பா அதைச் சொன்னார்.

"பச்சப்புள்ள வரப்போற வூடு இது. ரெண்டுல ஒண்ண ஆத்துக்கு அந்தாண்ட கொண்டு போயி வுட்டுட்டு வந்துடு."

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். ஆறு என்றால் கொள்ளிடம். வேண்டாத நாயைச் சாக்கில் போட்டு, பைக்கில் வைத்து, பாலம் தாண்டி விட்டுவிட்டால் அது திரும்பி வராது என்பார்கள். விட்டவர்கள் யாரும் மறுபடி போய்ப் பார்த்ததில்லை.

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களிடம் இருந்தவை இரண்டும் பெட்டை. செவலை தாய்; கருப்பு அதன் மகள். ஆட்டுப்பட்டிக்குக் காவல் இரண்டும்தான். கருப்பு முதல் தடவை பருவத்துக்கு வந்த பிறகு இரண்டுக்கும் ஆகாமல் போயிற்று. சும்மா உறுமிவிட்டு விலகுகிற சண்டை இல்லை. ஒன்றின் கழுத்தை மற்றது கவ்விக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் விடாது. ஒரு தடவை நான் நடுவில் கையை விட்டுச் செவலையின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். எது கடித்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்சம்மா, "தெரு நாயா?" என்று கேட்டார்.

"எங்க வூட்டு நாய்தாங்க."

"நல்லா வளத்தீங்க போங்க."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரியலூரில் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து பில் அடிக்கும்போது தெருவில் ஏதாவது நாய் குரைத்தால் போனைத்தான் பார்ப்பேன். வீட்டில் இருந்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பேன். அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"பன்னெண்டு படிச்சான், அதுக்கு மேல மூணு வருஷம் காலேஜி போனான். ரெண்டு நாய்க்கு பஞ்சாயத்து பண்ணத் தெரியல."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருத்தன்தான். கரண்ட் பில்லில் தப்பு வந்தாலும், ஆடு தழை தின்னாவிட்டாலும், "படிச்சவன், நீ சொல்லு" என்பார்கள். நாய்களைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவிடம் இருந்தது.

சின்ன வயசில் நானும் அக்காவும் அடித்துக்கொண்டால் அம்மா கை ஓங்க மாட்டாள். எதிரெதிரே உட்கார வைத்து, ஒரே சட்டியில் சோற்றைப் பிசைந்து, ஆளுக்கு ஒரு உருண்டையாக மாற்றி மாற்றிக் கையில் வைப்பாள். யாராவது ஒருவர் சிரித்துவிடுவோம். சண்டை முடிந்தது. அதே வைத்தியத்தைத்தான் அவள் நாய்களுக்கும் செய்தாள். சாயங்காலம் ஒரே சட்டியில் சோற்றையும் கருவாட்டுத் தலையையும் போட்டு இரண்டையும் கூப்பிடுவாள்.

"பெத்ததும் பொறந்ததும். ஒண்ணா தின்னா ராசியாயிடும்."

பைக்கில் சாய்ந்துகொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல நாள் பார்த்த பிறகுதான் சிலது பிடிபட்டது. கடிப்பதற்கு முன்னால் சத்தமே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த செவலை சட்டென்று வாயை மூடும். கருப்பு போய் அதன் முதுகின் மேல் தாடையை வைக்கும். இரண்டின் வாலும் விறைத்து மேலே நிற்கும். ஒன்று இன்னொன்றின் கண்ணையே பார்க்கும். கைதட்டித் திசை திருப்ப அந்த நேரம்தான் உண்டு. அதை விட்டால் அவ்வளவுதான். சண்டை நடப்பதும் எப்போதும் சந்தோஷமான நேரத்தில்: சட்டிச் சத்தம் கேட்கும்போது, என் பைக் வந்து நிற்கும்போது, ஆடுகள் பட்டிக்குத் திரும்பும்போது. வீட்டுச் சுவருக்கும் பட்டித் தட்டிக்கும் நடுவே உள்ள குறுகலான சந்தில் இரண்டும் முந்திக்கொண்டு ஓடி வந்து முட்டிக்கொள்ளும்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பட்டிப் படலுக்குக் கொக்கி வைத்தேன். காலையில் தாய் வெளியே, மகள் பட்டிக்குள். சாயங்காலம் மாற்றி. தனித்தனிச் சட்டி, ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில். பைக்கை ரோட்டிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"ஷிப்டா?" என்றார் அப்பா. "சிமெண்ட் ஆலைல கூட இவ்வளவு கண்டிசன் இல்லடா."

அம்மா சிரிக்கவில்லை. மகளைப் பூட்டி வைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அக்கா வருவதற்கு முந்தின வாரம், மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது.

"தம்பி, கோச்சுக்காத. நான்தான் தெறந்து வுட்டேன். ஒரே சட்டில வச்சேன். நல்லாதான் தின்னுச்சுங்க சாமி. கடேசி வாய்லதான்..."

நான் போய்ச் சேர்ந்தபோது செவலையின் காது கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சேலை முழுக்க ரத்தம். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருக்க, அம்மா அதன் தலையைப் பிடித்திருந்தாள்.

"ஆபரேசன் பண்ணிட்டா சரியாயிடுமா சார்?" என்று கேட்டேன்.

"குட்டி போடுறது நிக்கும். பொட்டைக்குப் பொட்டை சண்டை நிக்கும்னு சொல்ல முடியாது. பிரிச்சு வைங்க."

"எத்தன நாளைக்குங்க?" என்றாள் அம்மா.

"இருக்குற வரைக்கும்மா."

திரும்பி வந்தபோது வீட்டில் அப்பா தயாராக இருந்தார். "நாளைக்கு விடியக்காலம் கெளம்பு. சின்னதக் கொண்டு போ."

"பாலத்துக்கு அந்தாண்ட இதுக்கு யாரு சோறு வைப்பாப்பா? புள்ள வந்த பொறவு ஒரே ஒரு சண்ட நடக்கட்டும், அன்னைக்கே நான் கொண்டு போறேன். நீங்க சொல்லவே வேணாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் சேலையை அலசிக்கொண்டிருந்தாள்.

"நீ படலைத் தெறக்காம இருப்பியா?"

"தெறக்க மாட்டேன்" என்றாள் அவள். சேலையைப் பிழிந்தபடி தனக்குத்தானே சொல்வது போல, "சோத்தப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு இருந்தேன்" என்றாள்.

அக்கா காரிலிருந்து மெதுவாக இறங்கினாள். கட்டுப் போட்ட காதோடு செவலை அவள் காலைச் சுற்றியது. பட்டிக்குள்ளிருந்து கருப்பு ஊளையிட்டது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம்மா, அது என்னத் தேடுது. செத்த நேரம் வுடேன்."

அம்மாதான் நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம்டி. நீ போயி அதப் பாரு. அது இங்க வர வேணாம்." சொல்லிவிட்டுச் செவலையைக் கயிற்றோடு கொல்லைப் பக்கம் இழுத்துப் போனாள்.

இப்போது குழந்தை கவிழ்ந்து படுக்கிறது. என்னால் இன்னும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஆபீசிலிருந்து போன் போட்டால், குழந்தையைக் கேட்பதற்கு முன்னால், "எது வெளிய இருக்கு?" என்றுதான் வாயில் வருகிறது.

"ஆத்தா வெளிய. மவ உள்ள."

"கொக்கி?"

"போட்டிருக்கு, போட்டிருக்கு. நீ பில்ல அடி" என்று அம்மா வைத்துவிடுகிறாள்.